ஹெட் கேஸ்கட் போய்விட்டதா? பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

பழைய காரின் வெப்பமானி முள் ஒருமுறை சிவப்புக் கோட்டைத் தொட்டால் போதும். தீர்ப்பு உடனே வந்துவிடும். "ஹெட் கேஸ்கட் போய்விட்டது." பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், அலுவலக நண்பர் சொல்வார், பானெட்டைத் திறந்து அரை நிமிடம் எட்டிப் பார்த்த மெக்கானிக்கும் சொல்வார். பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பட்டறைகளில் தமிழில் அன்றாடம் காதில் விழும் பேச்சு இது. ஆனால் அந்த கேஸ்கட் இன்ஜினில் எங்கே இருக்கிறது, எதை எதிலிருந்து பிரித்து வைக்கிறது, அது போனால் வண்டி ஏன் சூடாகிறது என்று கேட்டால் பதில் மழுப்பலாகத்தான் வரும்.

இந்த மழுப்பலுக்கு நாம்தான் பணம் கட்டுகிறோம். கேஸ்கட் நன்றாக இருக்கும் வண்டியில் ஹெட்டை இறக்கினால், சில நூறு ரூபாய் ரேடியேட்டர் மூடியில் முடிந்திருக்க வேண்டிய வேலை பல ஆயிரங்களுக்குப் போகும். உண்மையாகவே கேஸ்கட் போன வண்டியில் தினமும் தண்ணீர் ஊற்றிச் சமாளித்தால் சில வாரங்களில் இன்ஜினே போய்விடலாம். இரண்டு தவறுகளும் நடக்கின்றன.

இந்த நகரத்தில் பழைய கார்களுக்குக் குறைவில்லை. 2010 ஏப்ரலில் பிஎஸ் 4 மாசு விதி வந்தபோது பெங்களூர் உள்பட 13 நகரங்களில் மாருதி 800 விற்பனை நின்றது. எனவே இங்கே பதிவாகி இன்னும் ஓடும் 800 ஏறக்குறைய ஒவ்வொன்றும் 15 ஆண்டு தாண்டி, பதிவைப் புதுப்பித்துக்கொண்ட வண்டிதான். ஜென், சான்ட்ரோ, இண்டிகா, குவாலிஸ் என்று அதன் சகாக்களும் இருக்கிறார்கள். அவற்றின் உரிமையாளர்கள் பட்டறை வாசலில் நிற்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும். நீங்கள் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை.

## குக்கரிலிருந்து தொடங்கலாம்

பிரஷர் குக்கர் மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. மூடியும் பாத்திரமும் தனித்தனி உலோகத் துண்டுகள். எவ்வளவு இறுக்கமாக மூடினாலும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே நுண்ணிய இடைவெளி இருக்கவே செய்யும். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் வளையத்தின் வேலை. வளையம் கெட்டியாகிவிட்டால் ஆவி பக்கவாட்டில் சீறும், விசில் வராது, பருப்பு வேகாது. குக்கரும் பழுதில்லை, அடுப்பும் பழுதில்லை. நடுவில் இருக்கும் தடுப்பு மட்டும்தான் தோற்றுப்போயிருக்கிறது.

மேலே இருக்கும் வெயிட்டையும் கவனியுங்கள். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் திறந்த பாத்திரத்தில் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெயிட் ஆவியை வெளியே விடாமல் பிடித்து வைப்பதால் குக்கருக்குள் அழுத்தம் ஏறுகிறது. கொதிநிலையும் 120 டிகிரியை ஒட்டிப் போகிறது. காரின் ரேடியேட்டர் மூடி செய்வதும் இதையேதான். அதன் தலையில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது அந்த மூடி எவ்வளவு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் என்பதைக் குறிக்கிறது. குக்கர் வெயிட் பிடிக்கும் அழுத்தமும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

ஆனால் குக்கர் வளையம் ஆவி என்ற ஒரே ஒரு பொருளைத் தடுத்தால் போதும். ஹெட் கேஸ்கட்டின் பாடு அப்படி இல்லை.

## இன்ஜினில் அது இருக்கும் இடம்

இன்ஜினின் உடல் பெரிதாக இரண்டு துண்டுகள். கீழே இருப்பது பிளாக். பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வரும் சிலிண்டர்கள் என்னும் உருளைக் குழிகள் இதில்தான் இருக்கின்றன. அதன்மேல் உட்கார்ந்திருப்பது ஹெட். காற்றையும் எரிபொருளையும் உள்ளே விட்டுப் புகையை வெளியே விடும் வால்வுகள் இதில் இருக்கின்றன. இரண்டையும் நீளமான போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்கின்றன. நடுவில் சிக்கிக்கொண்டிருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கட். பழைய வண்டிகளில் கிராஃபைட் போன்ற பொருள் பூசிய தகடாக இருக்கும். அண்மைக் கால வண்டிகளில் பெரும்பாலும் பல அடுக்கு எஃகுத் தகடு. தடிமன் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான்.

இந்தத் தகட்டில் பெரிய ஓட்டைகள் சிலிண்டருக்கு. சுற்றிலும் இருக்கும் சிறிய ஓட்டைகளில் சில கூலன்ட் போய்வர, சில ஆயில் போய்வர. கூலன்ட் என்பது இன்ஜினின் சூட்டை அள்ளிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும் திரவம்; தண்ணீரோடு எத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளும் துருத் தடுப்பான்களும் கலந்தது. ஆக, மூன்று பொருள்கள் ஒரே தகட்டைத் தாண்டிப் போகின்றன. ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது.

இந்த மூன்றும் சம பலத்தோடு மோதுவதில்லை. சிலிண்டரில் எரியும் வாயு (இனி எரிவாயு என்போம்) 2000 டிகிரிக்கு மேல் போகும். அழுத்தம் பெட்ரோல் வண்டியில்கூட ஒரு கணம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல 50 மடங்கு வரும், டீசலில் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. சில மில்லிமீட்டர் தள்ளி ஓடும் கூலன்டோ 90 டிகிரியில், காற்று மண்டலத்தைவிட ஏறத்தாழ ஒரு மடங்கு மட்டுமே கூடுதலான அழுத்தத்தில் இருக்கிறது. இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வை ஒரு மெல்லிய தகடு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை தாங்குகிறது. அது போகிறதே என்று வியப்பதைவிட, இத்தனை ஆண்டு தாங்குகிறதே என்றுதான் வியக்க வேண்டும்.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஒரு தகடு, அது எரிவாயு, கூலன்ட், ஆயில் மூன்றையும் பிரித்து வைக்கிறது, ரேடியேட்டர் மூடி கூலன்டைக் கொதிக்காமல் அழுத்தத்தில் பிடித்து வைக்கிறது.

## கேஸ்கட் தானாகப் போவதில்லை

அடிக்கடி தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். கேஸ்கட் போனதால் வண்டி சூடானது என்று சொல்கிறோம். பெரும்பாலும் நடப்பது, வண்டி சூடானதால் கேஸ்கட் போவது. வேறெங்கோ தொடங்கிய பழுதின் அடியைக் கடைசியில் இந்தத் தகடு வாங்கிக்கொள்கிறது.

காரணம் உலோகத்தின் இயல்பில் இருக்கிறது. சூடானால் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். பல இன்ஜின்களில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். சாதாரணச் சூட்டில் இந்த வேறுபாட்டை கேஸ்கட் சமாளித்துக்கொள்ளும். ஆனால் கூலன்ட் தீர்ந்து ஹெட் கண்டபடி சூடானால், போல்ட்டுகளால் கட்டுண்ட அலுமினியம் விரிய இடமில்லாமல் வளைந்துவிடும். குளிர்ந்த பிறகும் பழைய நேர்ப்பரப்பு திரும்ப வராது. அந்த வளைவு தலைமுடியின் தடிமன் அளவுக்கு இருந்தாலே கேஸ்கட்டின் பிடி தளர்ந்துவிடும். அம்பாசடரின் பழைய பெட்ரோல் இன்ஜினில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. அதில் இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக இருந்ததில்லை. அந்தக் கால டிரைவர்கள் சொல்லும் வீரக் கதைகளை உங்கள் வண்டிக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

மற்ற காரணங்களும் உண்டு. ஆண்டுக்கணக்கில் மாற்றாத கூலன்ட் தன் துருத் தடுப்புச் சக்தியை இழந்து, கேஸ்கட்டின் ஓட்டை விளிம்புகளையும் அலுமினியத்தையும் அரித்துவிடும். முன்பு ஹெட்டை இறக்கியவர் போல்ட்டுகளை ஒரே சீராக இறுக்காமல் விட்டிருக்கலாம்.

பெங்களூரில் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. கூலன்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றும் பழக்கம். போர்வெல், டேங்கர் தண்ணீர் வரும் வீடுகளில் வாளியின் அடியில் வெள்ளைப் படிவத்தைப் பார்க்கிறோம். அதே படிவம் ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படியும். அவசரத்துக்கு ஊற்றினால் குற்றமில்லை. வழக்கமாக ஊற்றினால் ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும், வண்டி சூடாகும், பழி கேஸ்கட்டின் மேல் விழும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இப்படி ஒரு பழக்கம். தெர்மோஸ்டாட் என்பது கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டிய பிறகு ரேடியேட்டருக்கு வழிவிடும் ஒரு சிறிய வால்வு. "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு சார்" என்று கேட்டுக்கொண்டே அதை எடுத்துவிடும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. எடுத்தால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். சில இன்ஜின்களில் கூலன்ட் ரேடியேட்டரைத் தவிர்த்துக் குறுக்கு வழியில் சுற்றி, முன்பைவிட அதிகமாகச் சூடாவதும் உண்டு.

## எந்தத் தடுப்பு உடைந்தது?

"கேஸ்கட் போய்விட்டது" என்பது அரை வாக்கியம். எந்த இடத்தில் போனது என்பது மற்றொரு பாதி. ஒவ்வோர் இடத்துக்கும் அறிகுறி வேறு. இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சிலிண்டருக்கும் கூலன்ட் வழிக்கும் நடுவில் உடைவதுதான் நாம் அதிகம் சந்திப்பது. அழுத்தம் அதிகமான எரிவாயு கூலன்டுக்குள் பாய்கிறது. ரேடியேட்டரில் குமிழ்கள் தொடர்ந்து வரும். உபரித் தொட்டியில் கூலன்ட் பொங்கி வழியும். காலையில் குளிர்ந்த வண்டியைக் கிளப்பிய ஒன்றிரண்டு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகிவிடும். சூடேறாத கூலன்டுக்கு அவ்வளவு அழுத்தம் தானாக வராது, எரிவாயுதான் அதைத் தருகிறது. உள்ளே புகுந்த வாயு சிக்கிய இடங்களில் கூலன்ட் இருக்காது, ஹெட் அங்கே வெந்துபோகும். இதில் ஒரு வஞ்சகம் உண்டு. வெப்பமானியின் சென்சார் இருக்கும் இடத்தில் வாயு தங்கிவிட்டால் முள் இறங்கிவிடும். "அப்பாடா, குளிர்ந்துவிட்டது" என்று நாம் ஓட்டிக்கொண்டே போவோம்.

இன்ஜினை அணைத்த பிறகு இதே ஓட்டை எதிர்த்திசையில் வேலை செய்கிறது. சிலிண்டரில் அழுத்தம் இல்லை, கூலன்டில் மிச்ச அழுத்தம் இருக்கிறது. இரவில் கூலன்ட் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்கும். மறுநாள் காலையில் வண்டி ஒரு சிலிண்டர் எரியாமல் தடதடவென்று உதறிக் கிளம்பும். பின்னால் அடர்ந்த வெள்ளைப் புகை. அதில் ஒரு தித்திப்பான வாசனை. அந்த வாசனை எத்திலீன் கிளைக்காலுடையது. அது நஞ்சு, தரையில் சிந்தினால் நாய், பூனை நக்காமல் கழுவிவிடுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று கழுவியதுபோல் இருக்கும். அதிகமாக இறங்கிவிட்டால் நிலைமை மோசம். திரவம் அமுங்காது, ஸ்டார்ட் செய்யும்போது மேலே வரும் பிஸ்டன் அதில் மோதி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

வெள்ளைப் புகை பற்றி ஓர் எச்சரிக்கை. டிசம்பர், ஜனவரிக் காலைகளில் பெங்களூரில் நல்ல வண்டியும் வெள்ளையாகத்தான் மூச்சு விடும். எரிபொருள் எரிந்தால் நீராவி உண்டாவது இயல்பு. இன்ஜின் சூடானதும் அது மறைந்துவிட வேண்டும். அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் மறையாத புகைதான் கவலைக்குரியது.

கூலன்டும் ஆயிலும் கலக்கும் உடைப்பு அடுத்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் வெளிர் பழுப்பு நிறத்தில் நுரைத்துக் குழைந்திருக்கும். அப்படி இருந்தால் வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். அந்தக் குழைவு பேரிங்குகளைக் காக்காது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் மெல்லிய வெண்படலம் இருந்து டிப் ஸ்டிக் சுத்தமாக இருந்தால் பதற வேண்டாம். வீட்டிலிருந்து மெட்ரோ நிலையம் வரை, கடை வரை என்று இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டிகளில் ஈரம் ஆவியாகாமல் அங்கே தங்குவது உண்டு. ஆயில் கூலர் உள்ள வண்டிகளில் அது உள்ளே ஓட்டையானாலும் கூலன்டும் ஆயிலும் இதேபோல் கலக்கும்.

இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவில் உடைந்தால் கூலன்ட் குறையாது, புகை வராது. வண்டி இழுக்காது, நின்ற இடத்தில் உதறும், அவ்வளவுதான். கேஸ்கட் என்று யாரும் சந்தேகிக்காமல் பிளக்கையும் இன்ஜெக்டரையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

வெளிப்பக்கமாகக் கசிவதும் உண்டு. ஆனால் இன்ஜினின் மேற்பகுதியில் ஆயில் கசிந்தால் முதலில் டேப்பட் கவர் பேக்கிங்கைப் பாருங்கள். ஹெட்டுக்கு மேலே இருக்கும் மூடியின் ரப்பர் அது. மாற்ற ஒரு மணி நேரம் போதும், ஹெட்டைத் தொடவே வேண்டாம். அதையும் ஹெட் கேஸ்கட் என்று சொல்லிவிடுகிறார்கள். வண்டிக்கு அடியில் தெளிந்த தண்ணீர் சொட்டினால் அது ஏசியின் தண்ணீர்.

சுருக்கமாக: கூலன்டில் குமிழும் இறுகிய ஹோஸும் ஒரு வகை, மறையாத வெள்ளைப் புகை ஒரு வகை, குழைந்த ஆயில் ஒரு வகை, காரணம் தெரியாத உதறல் ஒரு வகை. எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

## கேஸ்கட்டுக்கு முன்னால் விசாரிக்க வேண்டியவர்கள்

வண்டி எங்கே சூடாகிறது என்பதே பெரிய துப்பு. சில்க் போர்டு சந்திப்பிலோ டின் ஃபேக்டரி நெரிசலிலோ ஊர்ந்துகொண்டிருக்கும்போது முள் ஏறி, வேகமாக ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேனைச் சந்தேகியுங்கள். நிற்கும் வண்டிக்குக் காற்று கொடுப்பது அது மட்டும்தான். ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

நெரிசலில் ஒழுங்காக இருந்துவிட்டு, சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்திலோ, கிருஷ்ணகிரி தாண்டிச் சூளகிரி வழியாக ஓசூர் ஏறும்போதோ சூடானால் கதை வேறு. இன்ஜின் அதிகச் சூட்டை உண்டாக்குகிறது, அதை வெளியேற்றும் திறன் போதவில்லை. அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட் ஆகியவை முதல் வரிசையில் வருகின்றன. கேஸ்கட்டில் சிறிய கசிவு இருந்தாலும் இப்படித்தான், சுமை ஏறும்போது முதலில் தலைகாட்டும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. அதன் ஸ்பிரிங்கோ ரப்பரோ தளர்ந்தால் கூலன்ட் அழுத்தத்தில் நிற்காது. குக்கரிலிருந்து வெயிட்டை எடுத்த நிலை அது. நூறு டிகிரியை ஒட்டியே கொதித்து உபரித் தொட்டியில் பொங்கும். பார்ப்பதற்கு அப்படியே கேஸ்கட் போனதுபோல் இருக்கும். நானாக இருந்தால் எந்தச் சோதனைக்கும் முன் அதே எண் பொறித்த புதிய மூடி ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்ப்பேன்.

## சந்தேகத்தை நிரூபிக்கும் சோதனைகள்

ஹெட்டை இறக்குவது சோதனை அல்ல. இறக்காமலேயே நிரூபிக்க வழிகள் இருக்கின்றன. எளியதிலிருந்து போகலாம். எல்லாவற்றுக்கும் முன் ஒன்று: சூடான இன்ஜினின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அழுத்தம் போன அடுத்த கணம் உள்ளிருக்கும் திரவம் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

முதலாவது அழுத்தச் சோதனை. குளிர்ந்த வண்டியில் ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் பொறித்த அளவுக்குக் காற்றை ஏற்றி வைப்பார்கள். கேஜின் முள் இறங்காவிட்டால் கசிவு இல்லை. இறங்கினால் வெளியே எங்கே ஈரம் என்று பார்க்க வேண்டும். வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் முள் இறங்கினால் கூலன்ட் உள்ளே எங்கோ போகிறது.

இரண்டாவதுதான் என் கணக்கில் காசுக்கு அதிகம் பயன் தருவது. ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவத்தை எடுத்து, ரேடியேட்டரின் வாயில் வைத்து, ஓடும் இன்ஜினின் கூலன்டுக்கு மேலிருக்கும் காற்றை அதன் வழியே உறிஞ்சுவார்கள். எரிவாயுவில் இருக்கும் கரியமில வாயு பட்டால் நீலம் மஞ்சளாகும். கூலன்டில் கரியமில வாயு வேறு எந்த வழியிலும் இவ்வளவு வராது. எனவே மஞ்சளானால் எரிவாயு கசிகிறது என்பது கிட்டத்தட்ட உறுதி. கூலன்ட் துளி அந்தத் திரவத்தில் கலந்துவிடாமல் முதலில் ரேடியேட்டரில் கூலன்ட் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். நிறம் மாறாவிட்டால் மட்டும் கேஸ்கட்டை முழுதாக விடுதலை செய்துவிட முடியாது. ஆயிலோடு கலக்கும் உடைப்பையும் இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவிலான உடைப்பையும் இந்தச் சோதனை காட்டாது.

சிலிண்டர்களுக்கு நடுவிலான உடைப்பைப் பிடிக்கத்தான் கம்ப்ரெஷன் சோதனை. ஒவ்வொரு பிளக் துளையிலும் கேஜைப் பொருத்தி, ஸ்டார்ட்டரைச் சுழற்றி, பிஸ்டன் எவ்வளவு அழுத்தம் உண்டாக்குகிறது என்று பார்ப்பது. நல்ல பெட்ரோல் இன்ஜினில் 150 முதல் 190 பிஎஸ்ஐ வரை வரும். எண்ணைவிடச் சிலிண்டர்களுக்குள் ஒற்றுமை முக்கியம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் தாழ்ந்திருந்தால் நடுவிலிருக்கும் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு மிக அதிகம். எல்லாமே சீராகத் தாழ்ந்திருந்தால் அது பொதுவான தேய்மானம், கேஸ்கட் அல்ல.

பட்டறையில் "இந்தச் சோதனைகளைச் செய்து காட்ட முடியுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். "திறந்தால்தான் தெரியும்" என்பவரிடம் வண்டியைத் திறக்கக் கொடுக்காதீர்கள்.

## சாலையில் முள் ஏறும்போது

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழு அளவுக்குத் திருப்பி, ஜன்னல்களை இறக்கிவிடுங்கள். ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். இன்ஜினின் சூட்டில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் தீர்ந்துவிட்டது என்று பொருள். முள் சிவப்பில் இருந்தால் ஓரம் கட்டி இன்ஜினை உடனே நிறுத்துங்கள். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தின் நடுவில் சூடானால் "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே, இறங்கிவிடலாம்" என்று தோன்றும். நேராக இருந்த ஹெட் வளைவது பெரும்பாலும் அந்த நாலு கிலோமீட்டரில்தான்.

அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். இன்ஜினின் மேல் தண்ணீரைக் கொட்டாதீர்கள். சூடான உலோகம் திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடும். ஆறிய பிறகு துணி வைத்து மூடியை மெல்லத் திறந்து கூலன்ட் ஊற்றலாம், இல்லாவிட்டால் தண்ணீர். ஆயில் குழைந்திருந்தாலோ, ஊற்ற ஊற்றக் குமிழியிட்டு வெளியே தள்ளினாலோ மறுபடி கிளப்பாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

## ஹெட்டை இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால்

சோதனை உறுதி செய்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புதிய கேஸ்கட்டைப் போட்டு மூடுவது மட்டும் பழுதுபார்ப்பு ஆகாது. கழற்றிய ஹெட்டின் மேல் நேர்க்கோலை நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடுகளைச் செருகி வளைவை அளக்க வேண்டும். சிறிய கார்கள் பலவற்றில் அனுமதி 0.05 மில்லிமீட்டரை ஒட்டித்தான். சரியான எண் உங்கள் இன்ஜினின் கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டினால் லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் செய்ய வேண்டும். அதாவது பரப்பைச் சீவிச் சமன் செய்வது. அதற்கும் எல்லை உண்டு. அதிகம் சீவினால் ஹெட் மெலிந்து, இன்ஜினின் அமுக்க விகிதம் ஏறிவிடும். ஏற்கெனவே ஒருமுறை சீவிய ஹெட்டா என்று கேளுங்கள். ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். விரிசல் விட்ட ஹெட்டின் அறிகுறிகள் கேஸ்கட் போனதன் அறிகுறிகளேதான். அதைப் பார்க்காமல் மூடினால் அடுத்த மாதம் மறுபடி அதே பட்டறைதான். பிளாக்கின் பரப்பையும் அளக்க வேண்டும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே நோக்கி, பல சுற்றுகளாக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். கை அனுபவம் இங்கே செல்லாது. போல்ட் துளைக்குள் ஆயிலோ கூலன்டோ தேங்கியிருந்தால் அளவு பொய்யாகும். சில இன்ஜின்களின் போல்ட்டுகள் இறுக்கும்போது நீளும்படி செய்யப்பட்டவை. அவற்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். கையேடு சொல்லாத இடத்தில் பசை தடவ விடாதீர்கள்.

கேஸ்கட்டின் விலை சிறிய காருக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கும். செலவு முழுவதும் கூலியிலும் லேத்திலும்தான். ஜே.சி. ரோட்டில் அலைந்து பாகங்களை நீங்களே வாங்கினால் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் ஹெட் கேஸ்கட்டில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள், அங்கே போலிகளும் அசலோடு ஒரே அலமாரியில் இருக்கும். திறந்ததுதான் திறந்தாயிற்று என்று தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட் உள்ள வண்டியானால் அது, ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. கழற்றிய பழைய கேஸ்கட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எரிவாயு போன வழி கருத்த தடமாக அதில் தெரியும். தடம் எதுவும் இல்லை என்றால் விரிசலைத் தேடச் சொல்லுங்கள்.

முதலில் சூடாக்கியது எது என்று கண்டுபிடித்தீர்களா என்ற கேள்விக்குப் பதில் வராமல் பில்லைக் கட்டாதீர்கள்.

## பாட்டிலில் வரும் வைத்தியமும் வண்டியின் மதிப்பும்

ரேடியேட்டரில் ஊற்றினால் கேஸ்கட் ஓட்டையை அடைக்கும் திரவங்கள் கடையில் கிடைக்கின்றன. சூடான ஓட்டையில் இறுகிக் கெட்டியாகும் வேதிப்பொருள்கள் அவை. சிறிய கசிவை சில வாரம், அதிர்ஷ்டம் இருந்தால் சில மாதம் நிறுத்தும். ஓட்டை எது, ரேடியேட்டரின் நுண்குழாய் எது என்று அவற்றுக்குத் தெரியாது, இரண்டையும் அடைக்கும். வைத்துக்கொள்ளப் போகும் வண்டியில் ஊற்ற வேண்டாம். பழைய இரும்புக்குப் போகக் காத்திருக்கும் வண்டியை இரண்டு மாதம் தள்ள வேண்டும் என்றால் ஊற்றுங்கள். ஊற்றிவிட்டு, சொல்லாமல் இன்னொருவரிடம் விற்பது மோசடி.

பழுது பார்க்கலாமா, விற்றுவிடலாமா என்பதை ஹெட்டின் நிலை தீர்மானிக்கட்டும். வளைவு மட்டும், சீவினால் சரியாகும் என்றால், உடலில் துரு இல்லாத, ஐந்தாண்டுப் புதுப்பிப்பு இப்போதுதான் முடிந்த வண்டியைச் சரிசெய்வது வீண் அல்ல. ஹெட்டில் விரிசல், பேரிங்கிலும் சத்தம், பதிவு முடிய ஆறு மாதம் என்றால் அந்தப் பணத்தை அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து வந்த வண்டியை முதல் இரண்டு வாரம் தினமும் காலையில், கிளப்புவதற்கு முன், கூலன்ட் அளவும் டிப் ஸ்டிக்கும் பாருங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேறுவதால் முதல் சில நாள் கூலன்ட் சிறிது இறங்கும், ஊற்றி நிரப்பிக்கொள்ளலாம். அதன் பிறகும் இறங்கினால் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோங்கள். பழைய வகை கேஸ்கட் போட்ட இன்ஜின்கள் சிலவற்றில் ஆயிரம் கிலோமீட்டருக்குள் போல்ட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லிக் கையேடு கேட்கும். எஃகு அடுக்குத் தகடு போட்டவற்றுக்குப் பொதுவாக அது தேவைப்படாது.